பரண்மேல் இருக்கும் கண்ணாடி

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலின் பழமையை அறிய விரும்பினால், கல்வெட்டுகளைப் படித்துச் சொல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். அதே ஊர்ப் பக்கத்து வீடுகளில், அலமாரியிலும் பரணிலும் பாட்டனார் காலத்துக் கண்ணாடிச் சாமான்கள் கிடக்கின்றனவே, அவற்றின் வயதை யார் சொல்வார்? எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான்: "பெல்ஜியம் கண்ணாடி." பாகப்பிரிவினையின்போது அந்தப் பெயருக்காகவே மனஸ்தாபம் வருவதுண்டு. பழஞ்சாமான் வாங்க வரும் வியாபாரியோ, "நேற்றைய சரக்கு" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இருவரையும் விட்டுவிட்டுப் பாத்திரத்தையே விசாரிப்பது நலம்.

பெல்ஜியத்தில் உயர்ந்த கண்ணாடி செய்தது மெய்யே. லியேஜ் நகரின் அருகே வால் சான் லாம்பேர் தொழிற்சாலை 1826இல் தொடங்கிற்று. ஆயினும் பொஹீமியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நம் நாட்டிற்கு ஏராளமாகக் கண்ணாடி வந்தது. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவிலேயே கடை வைத்துச் சரவிளக்குகளை விற்றது.

எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் உண்டு. 1905இல் கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது என்பது குடும்பத்து ஐதீகம். அதைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் "மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா" என்ற பொடி எழுத்துகள் தெரிந்தன. அந்த நாடு பிறந்ததே 1918இல். 1992இன் முடிவில் அது இரண்டாகப் பிரிந்தது. ஆகவே கிண்ணம் அந்தக் கல்யாணத்தைக் கண்டிருக்க வழியில்லை. இதைச் சொன்னதற்காக அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாணவ நண்பர்களே, எழுத்திருந்தாலும் அது எதைச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 1842 முதல் 1883 வரை பதிவுபெற்ற வடிவங்களுக்குச் சாய்சதுர முத்திரையும், 1884 முதல் தொடர் எண்ணும் இருந்தன. அவை காட்டுவது வடிவம் பதிவான காலத்தையே. அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் வார்த்திருக்கலாம். கோலி சோடாப் புட்டியைப் பாருங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் உரிமம் பெற்ற அமைப்பு அது. அதன் உடலில் புடைத்திருக்கும் பெயர் பெரும்பாலும் சோடா விற்றவருடையது. கண்ணாடி செய்தவருடையது அன்று.

எழுத்தே இல்லையேல் விரலால் தடவுங்கள். அடி நடுவே சொரசொரப்பான வடு இருந்தால், ஊதிய பாத்திரத்தை இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்து வாயை முடித்தார்கள் என்பது பொருள். அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவர் 1903 அளவில் புட்டி செய்யும் தானியங்கி இயந்திரத்தைக் கண்டபின், அச்சின் தையற்கோடு வாயின் விளிம்புவரை ஏறிற்று. மேலைநாட்டார் இவற்றைக் கொண்டே வயதைக் கணிப்பர். நமக்கு அது முழுதும் பொருந்தாது. பிரோசாபாத்தில் இன்றும் வாயால் ஊதுகிறார்கள். வடு செய்முறையைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

கழுவும்போது சாம்பலிட்டுத் தேய்க்காதீர்கள். அடியிலுள்ள கீறல்களும் சாட்சிகளே. பல்லாண்டு பலகையில் நகர்ந்து விழுந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமை காட்டியவை பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும்.