பள்ளிப் பிள்ளைகளுக்கான காசநோய்த் தடுப்பூசி: தமிழ்நாட்டு வரலாறு

பி.சி.ஜி. என்பது காசநோய்க்கு எதிராகப் போடப்படும் தடுப்பூசி. இந்தியாவில் 1948இல் அறிமுகமான இந்த ஊசி, 1950களில் பெருமளவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. பின்னர் பிறந்த குழந்தைகளுக்கான ஊசியாக மாறியது. இந்த மாற்றத்தின் முக்கிய நிகழ்வுகள் பல தமிழ்நாட்டில் நடந்தன.

பின்னணி

பிரான்சு நாட்டின் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து இம்மருந்தை உருவாக்கினர். 1921இல் முதன்முறையாக ஒரு குழந்தைக்கு இது கொடுக்கப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்ட மருந்தை உட்கொண்ட குழந்தைகளில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தின் மீதான அச்சம் பல ஆண்டுகள் நீடித்தது.

தமிழ்நாட்டில் காசநோய் எலும்புருக்கி நோய், சயரோகம் என்ற பெயர்களால் அறியப்பட்டது. மருந்து கண்டறியப்படும் முன்னர் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. கொங்கு நாட்டில் ஈரோட்டை அடுத்த பெருந்துறையில் அமைந்த சானடோரியம் இதற்காகவே ஏற்பட்டது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் ஒருபோதும் போதவில்லை. நோய் வரும் முன் தடுக்கும் ஊசியை அரசு நாடியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பள்ளிகளில் ஊசி

1948இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகம் நிறுவப்பட்டது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் காசநோய் சானடோரியம் தொடக்ககாலப் பணி நடந்த இடங்களில் ஒன்று. யுனிசெப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியுடன் 1951 முதல் நாடு தழுவிய இயக்கம் நடைபெற்றது. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் ராஜ்குமாரி அம்ரித் கௌர்.

முதலில் முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி போடப்படும். சுமார் மூன்று நாள் கழித்துத் தடிப்பு உள்ளதா என்று பார்ப்பார்கள். தடிப்பு இருந்தால் அந்தப் பிள்ளையின் உடலில் கிருமி ஏற்கெனவே புகுந்துவிட்டது என்று பொருள். தடிப்பு இல்லாதவர்களுக்கு மட்டுமே பி.சி.ஜி. போடப்பட்டது. ஒரே கூட்டத்தை இருமுறை சந்திக்க வேண்டியிருந்ததால் இம்முறைக்குப் பள்ளிக்கூடமே வசதியான இடமாக அமைந்தது.

ராஜாஜியின் எதிர்ப்பு

இயக்கத்துக்குச் சென்னையில் தொடக்கத்திலேயே எதிர்ப்பு இருந்தது. 1955இல் முன்னாள் முதலமைச்சர் சி. ராஜகோபாலாச்சாரி வெளிப்படையாக எதிர்த்தபோது அது தேசிய விவாதமாயிற்று. தம் எதிர்ப்பின் காரணங்களை விளக்கி அவ்வாண்டு ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலையும் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமாக உள்ள குழந்தைகளின் உடலில் செலுத்துவது சரியா, ஊசியின் பயன் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பவை அவர் எழுப்பிய கேள்விகள். பள்ளியில் போடப்படும் ஊசிக்குப் பெற்றோரின் சம்மதம் எந்த அளவுக்கு உண்மையானது என்பதும் விவாதத்தின் பகுதியாக இருந்தது. ஊசி கட்டாயமல்ல, பாதுகாப்பானது என்பது அரசின் பதில். இயக்கம் தொடர்ந்தது.

அப்போது உலக அறிஞர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டன் 1953 முதல் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டது. அங்கு நடந்த ஆய்வில் நல்ல பாதுகாப்பு தெரிந்தது. அமெரிக்காவோ இதைப் பொதுத் திட்டமாக ஏற்கவே இல்லை.

செங்கல்பட்டு ஆய்வு

ஐயத்தைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், பெரும் ஆய்வைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குப் பி.சி.ஜி.யும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. பெரியவர்களுக்கு வருவதும், இருமல் மூலம் பிறருக்குப் பரவுவதுமான நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டு முடிவும் இதையே உறுதிசெய்தது. சூழலில் பரவியுள்ள பிற மைக்கோபாக்டீரியக் கிருமிகளின் தாக்கம் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

கொள்கை மாற்றம்

இம்முடிவுக்குப் பின்னும் ஊசி கைவிடப்படவில்லை. சிறு குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுதும் பரவும் வகையையும் அது பெருமளவு தடுக்கிறது என்பதே காரணம். 1978இல் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்திலும், 1985இல் வந்த அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்திலும் இது கைக்குழந்தைகளுக்கான ஊசியாக இடம்பெற்றது. இன்று பிறந்தவுடன், அல்லது ஓராண்டு நிறைவதற்குள், இடது மேற்கையில் போடப்படுகிறது. பலரின் தோளருகே காணப்படும் சிறு தழும்பு அதன் அடையாளம். பிரிட்டனும் 2005இல் பள்ளி ஊசியை நிறுத்தியது.

பரவலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மருந்துச் சிகிச்சைக்குச் சென்றது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் சானடோரியத்தில் பெறும் அளவுக்குக் குணம் கிடைக்கும் என்று 1959இல் காட்டியது.

மதிப்பீடு

ஊசியின் தீங்கு குறித்த ராஜாஜியின் அச்சத்தைப் பிற்கால அனுபவம் உறுதிசெய்யவில்லை. அதன் பயன் குறித்த அவரது ஐயத்துக்கு ஓரளவு நியாயம் இருந்ததை அவர் வாழ்ந்த மாநிலத்தில் நடந்த ஆய்வே காட்டியது. அவர் 1972இல் மறைந்தார்; அந்த முடிவு வந்தபோது அவர் இல்லை. நாடு தழுவிய ஊசி இயக்கம் முதலில் வந்தது. அதன் பயனை இந்திய மண்ணில் அளக்கும் பெரிய ஆய்வு சுமார் 17 ஆண்டுகள் கழித்தே தொடங்கியது.