மலையில்லா ஊரில் ஒரு மேடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று ஒரு பெயர் மட்டும் உண்டு. கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் கடலோரத்து நன்னீரூற்றில் நீராடி முகம் மாறப்பெற்றார் என்ற கதையால் வந்த பெயர் அது. அங்கேயும் நிலம் சற்றே உயர்ந்து கடலில் முடிகிறதே தவிர, ஏறி நின்று பார்க்க ஒரு சிகரம் கிடையாது. எமது நிலம் முழுவதுமே சுண்ணக்கல் தரை. உயரம் என்றால் எமக்குப் பனையும் கோபுரமும்தான். கண்டியிலும் திருகோணமலையிலும் பிறந்த பிள்ளைகளுக்கு வாய்த்த ஒரு சுகம், மேட்டில் நடந்தபடி ஊரைக் கீழே பார்ப்பது, எமக்கு வாய்க்கவில்லை.

ஒரேயோர் இடத்தைத் தவிர. அந்த மேடும் மனிதர் எழுப்பியதுதான்: யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்.

1619 இல் பிலிப் டி ஒலிவேராவின் தலைமையில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஆட்சியின் இருக்கை நல்லூரிலிருந்து கடல்நீரேரிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. அவர்கள் கட்டிய சதுரக் கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோணக் கோட்டையாக மாற்றினர். வாயிலில் 1680 என்று ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. வெளி அரண் நிறைவுற்றது 1792 இல். மூன்றே ஆண்டுகளில், 1795 இல், பெரிய சண்டை எதுவுமின்றிக் கோட்டையைப் பிரித்தானியரிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். இத்தனை பாடும் யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

மதிலைக் கட்டப் பயன்பட்டவை முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் மட்டுமல்ல. இடிக்கப்பட்ட கோவில்களின் செதுக்கிய கற்களும் அதற்குள் இருக்கின்றன. கோட்டையில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்றைப் பற்றிப் பேராசிரியர் கா. இந்திரபாலா எழுதியிருக்கிறார். அண்மைய அகழ்வுகளில் வெளிப்பட்ட சீன, இந்திய, மத்திய கிழக்கு மட்பாண்டத் துண்டுகள், ஐரோப்பியர் வருமுன்பே இக்கரை வணிகர் வந்து தங்கிய துறையாக இருந்ததைச் சொல்கின்றன. எனவே ஒல்லாந்தர் கோட்டை என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்வது பாதி உண்மைதான்.

கட்டியவர்களுக்கு மேலிருந்து பார்ப்பது அழகுக்காக அல்ல, காவலுக்காக. வருபவர் எவரும் மறைந்து நெருங்கக் கூடாது என்று வீடும் மரமும் இல்லாமல் விட்ட வெளிதான் இன்றைய முற்றவெளி. நாம் விளையாட்டுப் போட்டியும் கண்காட்சியும் பார்த்த அந்தப் புல்வெளி, பீரங்கியின் பார்வைக்காகத் துப்புரவாக்கப்பட்ட இடம். பிரித்தானியர் காலத்தில் மேலே குடியிருப்பும் வந்தது. 1905 இல் இளம் சிவில் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்த லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜினியாவை மணந்தவர், கோட்டை மதில்மேல் இருந்த பங்களாவில் வாழ்ந்தார். அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் உரிமை நெடுங்காலம் ஆள்பவருக்கே இருந்தது. பார்க்கப்படுவது எமது பங்கு.

1979 ஐ ஒட்டிப் பிறந்த எமது வகுப்பினருக்கு அது இன்னும் கடுமையாகவே அமைந்தது. எமது சிறுவயதில் கோட்டை என்பது ஓர் இடமல்ல, ஷெல் வரும் திசை. "கோட்டையிலிருந்து அடிக்கிறான்" என்று அம்மா சொன்னால் புத்தகத்தை வைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். 1990 யூன் முதல் செப்ரெம்பர் வரை நடந்த முற்றுகைச் சண்டையோடு, 1706 ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் தேவாலயமும் உள்ளிருந்த கட்டடங்களும் இடிபாடாயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்களும் சைக்கிளில் கட்டிய மூட்டைகளோடு நாவற்குழிப் பக்கமாக நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கோட்டை மறுபடியும் படையினரிடம். உயர்தரம் படித்து முடிக்கும்வரை அந்த மதிலைப் பேருந்துச் சன்னலால் மட்டுமே கண்டோம்.

போர் முடிந்தபின் தொல்லியல் திணைக்களம் நெதர்லாந்தின் உதவியுடன் மதில்களைத் திருத்தியது. இப்போது எவரும் ஏறலாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கையில், நானூறு ஆண்டில் ஊர்ச்சனம் அழகு பார்ப்பதற்கென்றே அங்கு ஏறுவது இப்போதுதானோ என்று எமக்குள் பேசிக்கொள்வோம்.

மேலே சென்றதும் எல்லோரும் மேற்கே போகிறார்கள். பழுதில்லை. பண்ணைத் தாம்போதி நீரைக் கிழித்துக்கொண்டு மண்டைதீவை நோக்கி ஓடுகிறது. ஆழமில்லாத கடலில் இடுப்பளவு நீரில் மனிதர் நடந்து மீன்பிடிக்கிறார்கள். வலைகட்ட நட்ட தடிகளில் நீர்க்காகம் சிறகு விரித்து நிற்கிறது. சூரியன் இறங்கும்போது படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கேதான் எமக்கு அவர்களோடு வழக்கு. திரும்பி, ஊர்ப்பக்கமாக நடந்தால்தானே கதை தெரியும்?

முதலில் முற்றவெளி. 1974 சனவரி 10 இல், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிரிழந்தோரின் நினைவுத்தூண்கள் அங்கு நிற்கின்றன. அதற்கப்பால் வெள்ளைக் குவிமாடத்தோடு பொதுநூலகம். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவான மணிக்கூட்டுக் கோபுரம். பிறகு பெரியாஸ்பத்திரி.

இவ்விடத்தில் எமது கால்கள் தாமாக நின்றுவிடும். 1850 இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கியது அது. உள்ளே வேலை செய்கையில் ஒரு கட்டில், ஒரு முகம், ஒரு நாடித்துடிப்பு என்று மட்டுமே தெரியும். மதிலிலிருந்து பார்த்தால்தான் அது கோட்டைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது நெஞ்சில் அறைகிறது. சுடுபவனின் பார்வைக்குள் நோயாளர் கிடந்திருக்கிறார்கள். 1990 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கம் வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் கேட்டுப் பெற்றதன் அவசியம் அந்த இடைவெளியைக் கண்ணால் அளந்தவருக்குப் புரியும். அதற்கு முன்னே, 1987 ஒக்ரோபர் 21 இல், இந்திய அமைதிப்படையினர் உள்நுழைந்து வைத்தியரையும் தாதியரையும் ஊழியரையும் நோயாளரையும் சுட்டுக் கொன்றதும் இதே கூரைகளின் கீழேதான். எமக்கு முந்திய தலைமுறை வைத்தியர்கள் அதை எமக்கு வார்டிலேயே சொல்லித் தந்தார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து வருகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஆவணி வெயில் பொல்லாதது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஏறுங்கள், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். முழங்கால் நோவுள்ளவர்கள் மெதுவாக, துணை பிடித்து நடக்கவும். மதிலோரத்தில் பல இடங்களில் கைபிடி இல்லை, சின்னவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளவும். மேற்கை அவர்கள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். நகரப்பக்கம் திருப்பி, எது எது என்று நீங்கள்தான் விரல்நீட்டிக் காட்டவேண்டும். இருட்டுப்படும் நேரத்தில் வைத்தியசாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்.