அணுப்பொருள் செக்யூரிட்டி: பேராசிரியர்களுக்கே ட்ரெயினிங் எதற்கு? மாயாபுரி சம்பவம் சொல்லும் பாடம்

2010 மார்ச். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒரு கருவியைத் தொழிலாளர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த உலோகத் துண்டுகள் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. சில நாட்களில் தோல் கருத்தது, முடி கொட்டியது, வாந்தி நிற்கவில்லை. அந்தத் துண்டுகள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் என்பது பிறகுதான் தெரியவந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார்.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது? அணுமின் நிலையத்தில் இருந்து இல்லை. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் இருந்து! 1970-ல் கனடாவில் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி அது. 1980களின் நடுப்பகுதியில் இருந்தே பயன்பாட்டில் இல்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக ஏலம் போனது.

கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 40 ஆண்டுகளில் அதன் வீரியம் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைப் பறித்தது.

படித்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இது எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் ‘ஆசிரியர்களுக்குப் பயிற்சி’ என்ற விஷயம் வருகிறது.

சேஃப்டி வேற, செக்யூரிட்டி வேற

தமிழில் இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்றே சொல்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

விபத்தில் இருந்து மனிதர்களைக் காப்பது சேஃப்டி. உலை சூடாகாமல் பார்ப்பது, கதிர்வீச்சு கசியாமல் தடுப்பது எல்லாம் இதில் வரும். கெட்ட நோக்கமுள்ள மனிதர்களிடம் இருந்து பொருளைக் காப்பது செக்யூரிட்டி. திருட்டு, நாசவேலை, அத்துமீறல், கள்ளக்கடத்தல் ஆகியவற்றைத் தடுப்பது, நடந்தால் கண்டுபிடிப்பது, உடனே நடவடிக்கை எடுப்பது என மூன்றும் இதில் அடங்கும்.

மாயாபுரியில் யாரும் திருடவில்லை. ஆனால் கதிரியக்கப் பொருள் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு விட்டுப்போனது. கணக்கு விட்டுப்போன பொருள் அப்பாவி கைக்குப் போனால் விபத்து. தீயவர் கைக்குப் போனால் ஆயுதம். அதனால்தான் சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டுமே கணக்கில் இருந்து தொடங்குகின்றன.

சரி, பூட்டும் காவலும் போட்டா போதாதா?

போதாது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

2012 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஒய்-12 வளாகத்துக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். அணுகுண்டு தரத்திலான யுரேனியம் சேமிக்கப்படும் இடம் அது. வேலிகளை வெட்டிக்கொண்டு சேமிப்புக் கட்டடத்தின் சுவர் வரை போய், போர் எதிர்ப்பு வாசகங்களை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் 82 வயது கன்னியாஸ்திரி மேகன் ரைஸ். அலாரம் அடிக்காமல் இல்லை. அடிக்கடி பொய் அலாரம் கேட்டுப் பழகியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில கேமராக்கள் வேலை செய்யவும் இல்லை.

2014 ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தின் டோல் அணுமின் நிலையத்தில் 4-வது அலகின் நீராவி டர்பைனில் இருந்த மசகு எண்ணெயை யாரோ திறந்துவிட்டார்கள். டர்பைன் சேதமடைந்தது. அலகு மீண்டும் ஓட டிசம்பர் வரை ஆனது. வெளியாள் வந்த தடயம் இல்லை. உள்ளே வேலை பார்த்த யாரோ செய்த நாசவேலை என்றே சந்தேகிக்கப்பட்டது.

முதல் சம்பவத்தில் தோற்றது அலட்சியத்தால். இரண்டாவதில் தோற்றது நம்பிக்கையால். இரண்டையும் பூட்டு சரிசெய்யாது. மனிதர்களின் பழக்கம் மாற வேண்டும். அதற்குப் படிக்கும் காலத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்போ வாத்தியாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

சிக்கலே இதுதான். இயற்பியல் பேராசிரியருக்கு ஐசோடோப்பு தெரியும், சர்வதேச ஒப்பந்தம் தெரியாது. சட்டப் பேராசிரியருக்கு ஒப்பந்தம் தெரியும், காமா கதிர் தெரியாது. கம்ப்யூட்டர் ஆசிரியருக்கு மால்வேர் தெரியும், அணு உலை தெரியாது. செக்யூரிட்டி பாடத்துக்கு இது எல்லாமே வேண்டும்.

இதற்காகவே சர்வதேச அணுசக்தி முகமை (ஐ.ஏ.இ.ஏ.) 2010-ல் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. முதுகலைப் படிப்பாகவும் சான்றிதழ் படிப்பாகவும் நடத்தக்கூடிய திட்டம் அது. 2021-ல் அதன் திருத்திய பதிப்பு வந்தது. அதே 2010-ல் ‘இன்சென்’ என்ற கல்வி வலையமைப்பும் உருவானது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதில் சேர்ந்து பாடநூல் தயாரிப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது போன்ற வேலைகளைப் பகிர்ந்து செய்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஆசிரியர்களுக்கென்றே சிறப்பு வகுப்புகள் நடத்தியுள்ளன.

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

முதலில் அடிப்படைக் கணக்கு. அத்துமீறுபவரை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம், வேலியும் கதவும் அவரை எவ்வளவு நேரம் தாமதப்படுத்தும், காவலர் வர எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்த பிறகு கிடைக்கும் தாமதம் காவலர் வரும் நேரத்தைவிட அதிகமாக இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லாவிட்டால் எவ்வளவு உயரமான சுவரும் வீண்தான்.

அடுத்து உள்ளாள் ஆபத்து. முக்கியமான இடத்துக்குள் ஒருவரைத் தனியாக விடக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும் என்ற விதி எதற்கு என்பதைச் சம்பவங்களோடு விளக்குகிறார்கள்.

மூன்றாவது கம்ப்யூட்டர். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இணைந்திருந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. இரண்டு நெட்வொர்க்குகளையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் இது.

நான்காவது, எதைச் சொல்லித்தரக் கூடாது என்பது! பூட்டைப் பற்றிய பாடம் பூட்டை உடைக்கும் பாடமாகிவிடக் கூடாது இல்லையா? அதனால் உண்மையான நிலையத்தின் வரைபடத்துக்குப் பதிலாகக் கற்பனை நிலையம் ஒன்றை வைத்து, மாணவர்களை அதிகாரியாகவும் காவலராகவும் நடிக்கவைத்து வகுப்பு எடுக்கப் பழக்குகிறார்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன?

மாயாபுரி சம்பவம் வெளிவந்த அதே ஏப்ரலில், வாஷிங்டனில் நடந்த அணுப் பாதுகாப்பு உச்சி மாநாட்டில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். அதன்படி அணுசக்திக் கூட்டுறவுக்கான உலகளாவிய மையம் ஹரியானாவில் அமைந்தது. அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்று அணுப் பாதுகாப்புக் கல்விக்கானது.

ஆனால் ஒரே மையத்தால் எல்லோரையும் எட்ட முடியாது. தமிழ்நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம் மட்டுமா இருக்கிறது? புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிரியக்க மூலங்கள் உண்டு. வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம்-192 பயன்படுத்தும் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் படிப்பது சாதாரண கல்லூரிகளில்தான். அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால், வருடத்துக்கு ஒரு வகுப்பு என்று தொடர்ந்து போய்ச் சேரும்.

கல்லூரிகள் இப்போதே செய்யக்கூடியது

ஆய்வகத்தில் பழைய கதிரியக்கக் கருவி இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்க்கலாம். வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் பொறுப்பு இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டும். இப்படிப்பட்ட மூலங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.இ.ஆர்.பி.) அனுமதி இல்லாமல் விற்கவோ அகற்றவோ கூடாது.

அன்று ஏலப் பட்டியலைப் பார்த்து ‘இதை விற்காதீங்க, முதல்ல வாரியத்துக்குச் சொல்லுங்க’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், மாயாபுரி நடந்திருக்காது. அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். இந்தப் பயிற்சி அதற்காகத்தான்.