லைன் யாருடையது, பேசியது யார்?

எண்பதுகளின் கடைசியில் ஒரு சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சில் ஜே.இ.யாக இருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டெலிபோன் பில்லோடு வந்தார். இருநூறு ரூபாயைத் தாண்டாதவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் வந்திருந்தது. "தம்பி, வெளியூர்ல பேச எனக்கு ஆளே கிடையாது. எஸ்.டி.டி. போட்டதே இல்லை" என்றார். மீட்டரைச் சோதித்தேன், ஒழுங்காகத்தான் ஓடியது. "மீட்டரில் பழுதில்லை, தொகை செலுத்தத்தக்கது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபேச்சுப் பேசாமல் தவணையில் கட்டினார்.

நான் மாற்றலாகி வந்தபின் பழைய லைன்மேன் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தெருமுனைக் கம்பத்து டி.பி. பெட்டியில் யாரோ இரண்டு ஒயரை மாட்டி ராத்திரி ராத்திரியாகப் பேசியிருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தது ஒரு ஜோடிக் கம்பி மட்டுமே. மறுமுனையில் எந்தக் கருவி, யார் கை என்பது அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, ஆனால் கையெழுத்து என்னுடையது.

இதை இப்போது கிளறக் காரணம் என் தங்கை மகன். ஒரு தொழிற்சாலையில் வேலை. "மாமா, எங்க ஆலைக்குள்ளேயே தனியா 5ஜி போடப் போறோம். கிரேன், கேமரா, மீட்டர் எல்லாத்துக்கும் சிம். சிம் இருந்தா பாதுகாப்புதானே?" என்றான். "உட்காருடா" என்று அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1983 அக்டோபர் 13-ஆம் தேதி அமெரிக்காவில் சிகாகோவில் செல்போன் சேவை வணிகரீதியாகத் தொடங்கியது. அந்த போன்களில் சிம் கிடையாது. சந்தாதாரர் எண், கருவியின் வரிசை எண் இரண்டையும் போன் காற்றில் பகிரங்கமாகச் சொல்லும். சாலையோரம் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடித்து, வேறொரு போனில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. பேசுகிறவன் ஒருவன், பில் இன்னொருவருக்கு. இதற்கு க்ளோனிங் என்று பெயர். 1995 பிப்ரவரியில் ராலே நகரில் பிடிபட்ட ஹேக்கர் கெவின் மிட்னிக்கிடமும் இப்படிப்பட்ட போன்கள் இருந்தன. கம்பமும் இல்லாமல், ஒயரும் இல்லாமல், நம் தலைமையாசிரியர் கதைதான்.

ஐரோப்பாவின் ஜி.எஸ்.எம். இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. ரகசியச் சாவியை சிம் கார்டுக்குள் பூட்டினார்கள். நெட்வொர்க் ஒரு எண்ணை அனுப்பும். கார்டு அதை உள்ளேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பிச் சொல்லும். சாவி வெளியே வருவதே இல்லை. 1991 ஜூலை 1-இல் பின்லாந்தில் முதல் அழைப்பு. ஏழே வருஷத்தில், 1998-இல், பெர்க்லியைச் சேர்ந்த இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் உள்ளிட்டோர், பல கம்பெனிகள் பயன்படுத்திய கணக்குமுறை பலவீனமானது என்று காட்டினார்கள். கார்டு கையில் கிடைத்தால் சாவியை எடுத்துவிடலாம். டவர் தன்னை போனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு ஓட்டை. அதை 3ஜி அடைத்தது.

ஆனால் சிம் நிரூபிப்பது தன்னைத்தான், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியை அல்ல. பெட்டிக்குத் தனியாக 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. 2009 நவம்பர் 30-க்குப் பிறகு இந்த எண் இல்லாத போன்களுக்கு நம் நாட்டில் இணைப்பைத் துண்டித்தார்களே, ஞாபகம் இருக்கும். ஆனாலும் அது கருவி தானே வாயால் சொல்லும் எண். விஷயம் தெரிந்தவன் மாற்றிவிடுவான்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஜோஹன்னஸ்பர்க் உதாரணம். தென் ஆப்பிரிக்காவின் அந்த நகரத்தில் சிக்னல் விளக்குகள் பழுதானால் தாமே தகவல் சொல்லும்படி உள்ளே சிம் வைத்தார்கள். 2011 ஜனவரியில் செய்தி வந்தது: அப்படிப்பட்ட சுமார் 600 விளக்குகளில் 400 உடைக்கப்பட்டிருந்தன. திருடர்கள் எடுத்தது சிம்மை. சாதாரண போனில் போட்டு ஆசை தீரப் பேசினார்கள். நாற்சந்தியில் விளக்கு எரியவில்லை, பில் மட்டும் சாலை நிர்வாகத்துக்கு வந்தது. சிம் உள்ள விளக்குகளாகப் பார்த்து உடைத்திருந்ததால் உள்ளாட்களையே சந்தேகித்தார்கள். சிக்னல் விளக்கு யாரிடம் போன் பேசப் போகிறது? பேச்சு வசதியை அடைத்து, அந்த சிம் அந்தப் பெட்டியில் மட்டும் வேலை செய்யும்படி ஜோடி சேர்த்திருந்தால் திருட்டுக்கே பிரயோஜனம் இருந்திருக்காது.

"உங்க ஆலைக்கும் இதேதான்" என்றேன். தனியார் நெட்வொர்க்குக்கு 2022-லேயே நம் அரசு வழிவகுத்துவிட்டது. முழுக்கத் தனித்து இயங்கும் 5ஜி நெட்வொர்க் என்றால் சிம்முக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழ் வைக்கவும் வழி உண்டு. சிம்மைக் கழற்ற முடியாதபடி போர்டில் பற்றவைத்தும் வருகிறது. எதை எடுத்தாலும் சரி, எந்த சிம் எந்தக் கருவியில், அந்தக் கருவி எந்தக் கணினியோடு மட்டும் பேசலாம், கருவி ஓய்வுபெற்றால் சிம்மை யார் முடக்குவது என்ற பதிவேடு முதல் நாளிலேயே வேண்டும். கேமராவுக்குக் கிரேன் பக்கம் என்ன வேலை? பின்னால் ஏதாவது நடந்தால், பதிவேடு இல்லாத இடத்தில் முதல் சந்தேகம் ஒப்பந்தத் தொழிலாளி தலையில்தான் விடியும்.

நேற்று ராத்திரி போன் செய்தான். "மாமா, சோதனைக்குன்னு வாங்கின 340 சிம்ல, எது எந்த மிஷின்ல இருக்குன்னு 90-க்குத்தான் எழுதி வச்சிருக்காங்க."

"மிச்சம்?"

"தேடிட்டிருக்கோம்."