பாரிஸ் உடன்படிக்கையும் பூவிருந்தவல்லிச் சீமையும்

ஒரு நிலத்துக்கு இருவர் உரிமை கொண்டாடுங்கால், அவருள் இன்னாரே அதிபதி என்று அந்நிய அரசுகள் அங்கீகரித்துவிட்டால், அவ்வுரிமை சித்தித்துவிடுமா என்னும் வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய நம் ஊர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரமே போதிய விடை பகர்கின்றது.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டபின், அவர் மகன் முகம்மது அலியை ஆங்கிலேயரும், எதிராளியான சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும் கர்நாடக நவாபு என ஏற்றுப் பக்கபலமாக நின்றனர். 1752இல் சந்தா சாகிபு கொலையுண்டார். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை முறிந்தது. அதன்பின், 1763 பிப்ரவரி 10ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆவது ஷரத்து, முகம்மது அலியைக் கர்நாடகத்தின் நியாயமான நவாபு என்றும், சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் நியாயமான சுபேதார் என்றும் ஒப்புக்கொண்டது. ஆனால் சலாபத் ஜங்கோ முந்திய ஆண்டிலேயே தம் தம்பி நிஜாம் அலியால் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்! சிறைப்பட்டவரை அரசராக்கவும் பாரிஸ் மையால் இயலவில்லை.

முகம்மது அலி தமக்குக் கிடைத்த ஆதரவுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. அதே 1763இல் செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். பக்சார் போருக்குப்பின் கும்பினியின் தயவை நாடி நின்ற டில்லி பாதுஷா ஷா ஆலம் 1765இல் அதனை உறுதிசெய்தார். கும்பினியோ அச்சீமையை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. உலகம் ஒப்பிய அதிபதி தம் மண்ணிலேயே குத்தகைதாரரானார்.

பாரிசிலும் டில்லியிலும் இவை எழுதப்பட்ட காலத்தில், நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளில் வேறோர் அங்கீகாரம் வழங்கிவந்தது. 1767 முதல் தாமஸ் பர்னார்டு இச்சீமையை அளந்தபோது, களத்து நெல்லில் கோயிலுக்கு இவ்வளவு, கம்மாளனுக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று மேரையும் மானியமும் ஊர்தோறும் நிலைத்திருக்கக் கண்டார். அவ்வமைப்பில் உழைத்தவர் அனைவர்க்கும் நீதி கிடைத்ததென்று சொல்லுவதற்கில்லை. ஆயினும் ஒருவரது பங்கை அண்டை அயலார் அறிந்து ஏற்றமையால்தான் அது செல்லுபடியாயிற்று.

1780இல் ஹைதர் அலியின் படை இச்சீமையைப் பாழ்படுத்தி ஊர்களைக் காலியாக்கியபோது, பாரிஸ் ஷரத்தும் பாதுஷாவின் சனதும் ஒரு குடியையேனும் காத்தனவல்ல. 1801இல், முகம்மது அலிக்குப்பின் வந்த நவாபு உம்தத்துல் உமரா மறைந்ததும், அவர் மகனை விலக்கி அஜீமுத்தவுலாவைப் பட்டத்துக்குரியவராக ஏற்ற கும்பினி, அதற்கு ஈடாக நாட்டாட்சி முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. கொடுத்த கையே பறித்தது.

நிலவுரிமை பற்றிய இவ்வினாவே பின்னாளில் எழுந்தபோது, 1928இல் பால்மாஸ் தீவு வழக்கில் தீர்ப்பளித்த நடுவர் மாக்ஸ் ஹூபர், நிலத்தின்மீது இறைமை என்பது இடையறாத ஆட்சிச் செயலால் நிலைபெறுவது என்றும், அவ்வுரிமையுடன், அந்நிலத்துள் பிற அரசுகளின் உரிமைகளைக் காக்கும் கடமையும் பிணைந்துள்ளது என்றும் விளக்கினார். பிறர் தரும் அங்கீகாரம் ஓர் அரசுக்கு வலுச்சேர்க்கலாம். ஆயின் வாழும் குடிகளைக் கேளாமலும் காவாமலும் பெற்ற அங்கீகாரம், தந்தவரின் தயவு உள்ளளவே நிற்கும். இன்று எந்த எல்லைத் தகராறைப் பற்றி எந்த வல்லரசு தீர்ப்புக் கூறினும், அங்கு வாழும் மக்களின் சம்மதம் எங்கே என்று முதலில் வினவுதல், இச்சரித்திரத்துக்கு உரியவர்களாகிய நம் கடமையாகும்.