தங்கவயல் எந்திரங்களும் காவிரி நீரும்

எந்திரம் தளர்ந்து ஓடினால் நாம் முதலில் எந்திரத்தின் மீதே ஐயம் கொள்கிறோம். மோட்டார் பூட்டிய படகில் கடலுக்குச் செல்லும் மீனவர், வேகம் குறைந்தவுடன் எண்ணெய் தடையின்றி வருகிறதா என்றுதான் பார்ப்பர். கோலார் தங்கவயலிலும் இத்தகைய ஆராய்ச்சி நடைபெற்றது. குறை கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது சுரங்கத்தில் அன்று. அதற்கு 92 மைல் தொலைவில், ஓர் ஆற்றில்.

ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880இல் தங்கவயலில் காலூன்றியபோது, அங்கு இருந்த வலிவெல்லாம் நீராவியின் வலிவே. சுரங்கம் ஆழமாக ஆழமாக, அதே வேலைக்கு மேன்மேலும் வலிவு தேவைப்படும். கூண்டை இழுக்கும் கம்பிவடம் நீள்கிறது. ஊறும் நீரை இன்னும் உயரத்திற்கு இறைக்க வேண்டியிருக்கிறது. வெப்பம் மிகுந்த அடித்தளங்களுக்குக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம்மவர் பல்லாயிரவர் அந்த ஆழத்தில் பணிபுரிந்தனர். மேலே எந்திரம் சோர்ந்தால் கீழே மூச்சு முட்டும். கொதிகலன்களுக்கோ விறகு வேண்டும், நிலக்கரி வேண்டும். சுற்றுப்புறத்துக் காடுகள் எத்தனை நாள் தாங்கும்? மைசூர்ச் சமஸ்தானத்திலோ நிலக்கரி கிடையாது; தொலைவிலிருந்து ரெயிலில் வர வேண்டியிருந்தது.

இந்நிலையில், மைசூர் அரசின் பணியில் இருந்த கனடா நாட்டு ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர், சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்னும் திட்டத்தை 1899இல் வகுத்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த திவான் ஸர் கே. சேஷாத்ரி ஐயர் அதனைத் துணிந்து ஏற்றார். துணிவு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அத்தனை தொலைவு மின்சாரத்தைக் கம்பியில் செலுத்திய நாடுகள் அந்நாளில் உலகில் மிகச் சில. கம்பியிலேயே வலிவு வீணாகாதிருக்க, 30,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தில் அதை அனுப்ப வேண்டியிருந்தது. நீர்ச்சுழலிகள் ஸ்விட்சர்லாந்திலிருந்தும், மின்கருவிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அதைக் காண ஐயர் இல்லை, 1901இலேயே காலமாகிவிட்டார்.

தொடக்கத்தில் சுமார் 4,000 குதிரைத்திறன் கிடைத்தது. சுரங்கத்தார் மேலும் கேட்டனர், நிலையமும் விரிந்தது. ஆயினும் கோடை வந்தால் வலிவு குன்றியது. சுழலிகள் பழுதாகவில்லை, கம்பியும் அறவில்லை. காவிரியில் நீர் இல்லை, அவ்வளவுதான். ஆற்றின் ஓட்டத்தை அப்படியே நம்பி அமைத்த நிலையம் அது. மழைக்காலத்தில் மிகுதி, வேனிலில் பஞ்சம். எந்திரத்தை எத்தனை முறை பிரித்துப் பூட்டினும் இக்குறை தீராது. மழைநீரைத் தேக்கிவைத்துக் கோடையில் விடுவதே மருந்து.

1909இல் தலைமைப் பொறியாளராக வந்த விசுவேசுவரய்யா, கண்ணம்பாடியில் அணை கட்டக் கூறிய காரணங்களுள் பாசனத்தோடு தங்கவயலின் மின்சாரமும் முக்கியமான ஒன்று. 1911இல் வேலை தொடங்கிற்று.

அன்பர்களே, இங்கேதான் செய்தி சிக்கலாகிறது. மின் நிலையம் நீரைக் குடித்துவிடுவதில்லை. சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே விழுந்து தமிழகத்திற்கு வந்துவிடும். மின்சாரத்திற்கு மட்டும் நீரைத் தேக்கியிருந்தால் வழக்கு இத்துணை நீண்டிராது என்பது நம் கருத்து. அணையோ மைசூர் வயல்களுக்கும் நீர் தர வேண்டியது. மைசூர் விரும்பியது 4,150 கோடி கன அடிக் கொள்ளளவு. தஞ்சைக் குறுவையை எண்ணிச் சென்னை அரசாங்கம் முதலில் இசைந்தது 1,100 கோடி கன அடி. 1914இல் நடுவர் கிரிஃபின் தீர்ப்பளித்தார். சென்னை அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே வழி திறந்தது. கண்ணம்பாடி அணை 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. 1934இல் நம் பக்கத்தில் மேட்டூர் அணை எழுந்தது. சுரங்கத்தின் அடியில் காற்றுக்காகக் காத்திருந்தவனும் தமிழன். நாற்றங்காலில் நீருக்காகக் காத்திருந்தவனும் தமிழன். இவன் கவலை அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையே சுடும். வெறுங்காற்று போதாமல் குளிரூட்டிய காற்றை அனுப்பினர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் ஓய்ந்தன, ஆழத்துப் பாதைகளில் நீர் ஏறி நிறைந்தது. சிவசமுத்திர நிலையம் சேஷாத்ரி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தங்கவயல் மக்களோ, 1894இல் சுரங்கங்களுக்கென்று போடப்பட்ட மாரிக்குப்பம் இருப்புப்பாதையில், விடியற்காலை ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.