சூரை போன தூரம்

மாலத்தீவில் சூரை பிடிக்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது சூரையை அல்ல, விரல் நீளப் பொடி மீனை. பவளத்திட்டு ஓரத்தில் வலை இறக்கி, அந்த இரை மீனை உயிரோடு அள்ளி, தோணியின் அடியிலுள்ள தண்ணீர்க் கிடங்கில் விடுகிறார்கள். கடல்நீர் அதற்குள் ஓயாமல் வந்து போகும். இரை செத்தால் அன்றைய தொழில் போச்சு.

நடுக்கடலில் பறவைகள் வட்டமிடுவது தெரிந்ததும் ஒருவர் இரையை அள்ளி அள்ளி வீசுகிறார். குழாய்கள் கடலின் மேல் சாரலாய்த் தண்ணீர் தெளிக்கின்றன. பொடி மீன் துள்ளுகிறது என்று எண்ணிச் சூரைக் கூட்டம் வெறியோடு மேலே வரும். தோணியின் பின்தட்டில் வரிசையாக நிற்பவர்கள் தூண்டில் கோலைப் போட்டு இழுக்கிறார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது. அதனால் இழுத்த வேகத்தில் மீன் தலைக்கு மேலே பறந்து, தானே கழன்று தளத்தில் விழும். அதற்குள் கோல் மறுபடி கடலில் இருக்கும். ஒரு கோலுக்கு ஒரு மீன்தான். ஆமையும் சுறாவும் இதில் அகப்படுவது மிக அரிது.

ஐஸ் இல்லாத காலத்தில் இந்த மீன் எப்படிக் கடல் தாண்டியது? 1340களில் மாலத்தீவில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்த பயணி இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார்: மீனை நான்காகக் கீறி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் புகைமூட்டம் போட்டு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பினார்கள். மரக்கட்டை போல இறுகிப்போன அந்த மாசிக் கருவாடுதான் இன்றும் இலங்கையில் இடிபட்டுச் சீனிச் சம்பலில் சேர்கிறது.

பல காலம் மாசிக்கு இலங்கையே பெரிய சந்தை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதியைக் குறைத்ததும் மாலத்தீவின் பிழைப்பு ஆட்டம் கண்டது. அப்போது ஜப்பானிய நிறுவனங்கள் பச்சை மீனை வாங்கி உறைய வைக்க வந்தன. 1974இல் தோணிகளில் இயந்திரம் ஏறத் தொடங்கியது. பின்னர் பெலிவாரு தீவில் டின் ஆலை எழுந்தது. இப்போது பிடித்த மீன் ஐஸில் இறங்குகிறது. ஒரு பங்கு உள்ளூரிலேயே டின்னில் அடைபடுகிறது, இன்னொரு பங்கு உறைந்த நிலையில் தாய்லாந்து ஆலைகளுக்குக் கப்பலேறுகிறது.

2012இல் இந்தத் தூண்டில் சூரைக்கு எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. கடலைக் கெடுக்காத மீன்பிடி என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கான முத்திரை அது. அதற்குரிய பலன் கிடைத்ததா? இல்லை, வரி குறுக்கே நின்றது. 2011இல் மாலத்தீவு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது. அதன் விளைவாக 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கிருந்த வரிச்சலுகை போனது. டின் சூரைக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வரி. அதே இந்தியப் பெருங்கடலில் ராட்சத வலை போட்டு, குஞ்சும் குருமானுமாக வாரிச் செல்லும் ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்களின் மீனுக்கு அந்த வரி இல்லை. வறுமையிலிருந்து மேலேறிய நாட்டுக்கு இது தண்டனைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப எனக்கு மனமில்லை.

லண்டனிலோ பாரிஸிலோ டின் சூரை வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையைப் பார்க்குமுன் டின்னைத் திருப்பி, மீன் எப்படிப் பிடிக்கப்பட்டது என்ற வரியைப் படியுங்கள். தூண்டிலில் பிடித்தது என்றிருந்தால், சில காசு கூடினாலும் அதையே எடுங்கள்.